கிரீன்லாந்துத் தேர்தலை டிரம்புக்கான பதிலடி என்று மட்டும் படிப்பது சரியா?

வடகடல்

டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் தீவான கிரீன்லாந்தில் 2025 மார்ச் 11 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி இங்கே இன்னும் யாரும் இழை தொடங்கவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். அந்தத் தீவை அமெரிக்காவோடு சேர்க்கவேண்டும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசிவந்ததால், பார்த்த செய்திகளில் பெரும்பாலானவை டிரம்பில் ஆரம்பித்து டிரம்பில்தான் முடிந்தன. எனக்கு அந்தப் பார்வை சரியாகப் படவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

முதலில் முடிவு. இனாட்சிசார்டுட் என்கிற அவர்களுடைய நாடாளுமன்றத்தில் மொத்தம் 31 இடங்கள். டெமோக்ராத்தித் கட்சி 29.9 சதவீத வாக்குடன் 10 இடங்களைப் பிடித்து முதலில் வந்தது. 2021இல் அதற்குக் கிடைத்தவை 3 இடங்கள்தான். அடுத்து நலெராக், 24.5 சதவீதம், 8 இடங்கள். போன முறை 4. அப்போதைய பிரதமர் மூட்டே எகெடேயின் இனூயிட் அத்தாகத்திகீத் 12இலிருந்து 7க்கு இறங்கிவிட்டது. அதன் கூட்டாளியான சியுமுத் 10இலிருந்து 4க்கு விழுந்தது. 1979இல் உள்நாட்டு ஆட்சி வந்ததிலிருந்து 2009 வரை முப்பது ஆண்டு தொடர்ந்து தீவை ஆண்ட கட்சி அது. அத்தாசுத்துக்கு பழையபடி 2. புதிதாக வந்த குல்லெக் கட்சிக்கு ஒன்றும் இல்லை.

ஆக, ஆட்சியில் இருந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து 22 இடங்களிலிருந்து 11க்கு வந்துவிட்டன. இப்போது என் கேள்வி. ‘நாங்கள் விற்பனைக்கு இல்லை’ என்று உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் எகெடே. டிரம்புக்குப் பதிலடி கொடுக்கத்தான் மக்கள் வாக்களித்தார்கள் என்றால் அவர் கட்சி ஏன் தோற்கவேண்டும்? அமெரிக்காவோடு சேர மாட்டோம் என்பதை இடம் பிடித்த ஐந்து கட்சிகளும் சொல்லின. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்ன ஒரு கேள்வியை வைத்து வாக்காளர் ஒருவரைத் தள்ளி இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் வேறு எதையோ வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பொன்னி

நல்ல கேள்வி. ஆனால் டிரம்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஜனவரியில் அவர் மகன் தலைநகர் நூக்கில் போய் இறங்கினார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் அமெரிக்கக் காங்கிரசில் பேசும்போது, எப்படியாவது அந்தத் தீவு எங்களுக்கு வந்துவிடும் என்ற பொருளில் டிரம்ப் பேசினார். அந்த நேரத்தில் ஒரு சாதாரண வாக்காளருக்கு என்ன தோன்றும்? சுதந்திரம் வேண்டும்தான், ஆனால் இப்போது அவசரப்பட்டு டென்மார்க்கின் கையை விட்டுவிடக் கூடாது என்றுதானே? கட்சிகளில் நிதானமாகப் போகலாம் என்று சொன்னது டெமோக்ராத்தித். பயம்தான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம்.

ஜனவரியில் வந்த கருத்துக்கணிப்பையும் பாருங்கள். அமெரிக்காவோடு சேர விரும்பாதவர்கள் 85 சதவீதம், விரும்புபவர்கள் 6 சதவீதம். சுதந்திரத்தால் வாழ்க்கைத் தரம் குறையும் என்றால் வேண்டாம் என்றவர்கள் 45 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிதானத்துக்கு விழுந்த வாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

வடகடல்

பொன்னி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால் நலெராக் எப்படி இரட்டிப்பானது? சீக்கிரமாகச் சுதந்திரம் வேண்டும், அதற்காக அமெரிக்காவிடமும் பேசலாம் என்று சொன்ன கட்சி அது. ஒரே தேர்தலில் மிக நிதானமான கட்சியும் மிக அவசரமான கட்சியும் வளர்ந்திருக்கின்றன. தேய்ந்தவை ஆட்சியில் இருந்தவை. இதற்குப் பொதுவான விளக்கம் ஒன்றுதான் இருக்கமுடியும்: மக்களுக்கு அரசாங்கத்தின் மேல் கோபம்.

என்ன கோபம் என்று கேட்டால் முதலில் மீன். கிரீன்லாந்து ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் கடல் உணவுதான். இறாலும் ஹாலிபட் மீனும் அதில் பெரும்பங்கு. 2024இல் ஒரு புதிய மீன்வளச் சட்டம் வந்தது. பிடிக்கலாம் என்று அனுமதிக்கும் அளவை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதை மாற்றிய சட்டம். இலுலிசாத், ஊமன்னாக், உபெர்னாவிக் மாதிரி வடக்கு ஊர்களில் சின்னப் படகில் போய் ஹாலிபட் பிடிக்கிறவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. பெரிய நிறுவனங்களுக்குச் சாதகமாகிவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். தேர்தலுக்கு முன்னால் அங்கே நடந்த விவாதங்களில் வீடு, ஆசிரியர் பற்றாக்குறை, மருத்துவம் இவையெல்லாம்தான் பேசப்பட்டன. கடினமான நோய் என்றால் நோயாளியைக் கோபன்ஹேகனுக்கு விமானத்தில் அனுப்பவேண்டிய இடம் அது. அந்த மக்களுக்கு டிரம்ப் ஒரு பெரிய செய்திதான், ஆனால் அவர்களுடைய அன்றாடம் வேறு.

ஹேர்னிங்வாசி

டென்மார்க்கில் இருந்து எழுதுகிறேன். இங்கே உள்ள ஊடகங்களைப் பார்த்தால் தேர்தல் வேறு மாதிரித் தெரிந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் டேனிஷ் பொதுத் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் போனது. இவிட்டுட் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து 1987 வரை கிரையோலைட் என்ற கனிமத்தை வெட்டியெடுத்தார்கள். அலுமினியம் தயாரிக்கத் தேவையானது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பொன் போன்றது. அந்தச் சுரங்கத்தின் வருவாய் இன்றைய மதிப்பில் 40,000 கோடி குரோனர் (டேனிஷ் நாணயம்) என்று படம் சொன்னது. உடனே இங்கே பொருளாதார நிபுணர்கள் எதிர்த்தார்கள். அது விற்றுமுதல், லாபம் இல்லை, இரண்டையும் குழப்பிவிட்டார்கள் என்றார்கள். கடைசியில் தொலைக்காட்சி நிறுவனம் படத்தையே திரும்பப் பெற்றது, அந்த நிறுவனத்தின் தலைமைச் செய்தி ஆசிரியர் ஒருவர் பதவி இழந்தார்.

இது தேர்தலுக்கு சில வாரங்கள் முன்னால் நடந்தது என்பதைக் கவனியுங்கள். கணக்கில் பிழை இருந்தது உண்மை. ஆனால் கிரீன்லாந்தில் பலருக்கு அது எப்படித் தோன்றியது என்று இங்கே பலருக்கு விளங்கவே இல்லை. இவ்வளவு காலம் ‘நாங்கள்தான் உங்களுக்குச் சோறு போடுகிறோம்’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், முதல் தடவையாக ‘நீங்களும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்’ என்று டேனிஷ் மொழியிலேயே ஒரு படம் சொல்லக் கேட்டார்கள். அது வந்த வேகத்தில் காணாமல் போனது. என்னோடு வேலை செய்கிற கிரீன்லாந்துப் பெண் ஒருவர் அந்த வாரம் முழுக்கக் கோபமாகவே இருந்தார். நலெராக்கின் 24.5 சதவீதத்தில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு அண்ணை.

கணக்கன்

உணர்ச்சியை மதிக்கிறேன், ஆனால் பணத்தைப் பற்றி யாராவது பேசித்தான் ஆகவேண்டும்.

டென்மார்க் ஆண்டுதோறும் கொடுக்கும் மானியம் ஏறத்தாழ 400 கோடி குரோனர். மக்கள்தொகை சுமார் 57,000. தலைக்கு 70,000 குரோனர் வருகிறது. தீவு அரசின் வரவில் ஏறக்குறையப் பாதி இதுதான். வேலை செய்கிறவர்களில் பத்தில் நான்கு பேர் பொதுத்துறையில் இருக்கிறார்கள். நாளைக்கே சுதந்திரம் என்றால் பள்ளியும் மருத்துவமனையும் எந்தப் பணத்தில் நடக்கும்?

கனிமம் இருக்கிறதே என்பார்கள். 2009 தன்னாட்சிச் சட்டத்தின்படி கனிம வருமானம் ஆண்டுக்கு 7.5 கோடி குரோனரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி அளவுக்கு மானியம் குறைக்கப்படும். ஆனால் இதுவரை பெரிய சுரங்கம் எதுவும் அந்த நிலைக்கு வரவில்லை. சாலை இல்லை, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே கப்பலும் விமானமும்தான். நிலத்தில் 80 சதவீதம் பனிப்பாளம். பூமிக்கடியில் இருப்பதை எடுத்து விற்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். ஆகவே டெமோக்ராத்தித் சொல்வது, அதாவது முதலில் பொருளாதாரம், அப்புறம் சுதந்திரம் என்பது, எனக்கு மிகவும் நேர்மையான நிலைப்பாடாகத் தெரிகிறது. அதன் தலைவர் யென்ஸ்-பிரெடரிக் நீல்சனுக்குத் தேர்தல் நேரத்தில் வயது 33. முன்பு தொழில், கனிமவளத் துறை அமைச்சராக இருந்தவர், பேட்மின்டன் வீரர். தனியார் தொழில் வளரவேண்டும் என்று பேசி வென்றிருக்கிறார்.

கயல்

கணக்கன் ஐயா, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் கனிமம் என்றால் உடனே வெட்டி எடு என்று அந்த மக்கள் நினைக்கவில்லை. 2021 தேர்தலை நினைத்துப் பாருங்கள். தெற்கே நர்சாக் ஊருக்குப் பக்கத்தில் குவானெஃப்யெல்ட் என்ற மலை. அரிய மண் உலோகமும் யுரேனியமும் சேர்ந்தே கிடக்கின்றன. சுரங்கம் வேண்டாம் என்று சொல்லித்தான் எகெடே அன்று வென்றார். அந்த ஆண்டே யுரேனியம் எடுப்பதைத் தடுத்துச் சட்டமும் போட்டார்கள். அத்தனை வருமானம் வரக்கூடிய மலை, அதன் அடிவாரத்தில் செம்மறி ஆடு மேய்க்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்காகக் கைவிடப்பட்டது. இப்படி முடிவெடுக்கிற உரிமையைத்தான் நான் சுயாட்சி என்கிறேன்.

டென்மார்க்கின் கையை விடாதே என்று சொல்வது நமக்கு எளிது. 1960களின் பிற்பாதியில் மட்டும் சுமார் 4,500 கிரீன்லாந்துப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டேனிஷ் மருத்துவர்கள் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். பலருக்கு அது என்ன என்றுகூடச் சொல்லவில்லை. பள்ளிப் பருவப் பிள்ளைகளுக்கும் நடந்திருக்கிறது. 2022இல்தான் விஷயம் வெளியே பெரிதாக வந்தது. 2024இல் 140க்கும் மேற்பட்ட பெண்கள் டேனிஷ் அரசு மீது வழக்குப் போட்டார்கள். டென்மார்க்கில் வாழும் கிரீன்லாந்துப் பெற்றோருக்குப் ‘பெற்றோராக இருக்கத் தகுதியா’ என்று உளவியல் தேர்வு வைத்து, பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போன கதையும் இருக்கிறது. அவர்களுக்கு அந்தத் தேர்வை வைப்பதில்லை என்று டென்மார்க் முடிவு செய்ததே 2025 ஜனவரியில்தான், டிரம்ப் பேச ஆரம்பித்த பிறகு. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போகிற ஒரு பெண்ணிடம், தலைக்கு 70,000 குரோனர் வருகிறதே என்று எப்படிச் சொல்வீர்கள்?

கணக்கன்

கயல், அந்தக் கொடுமையை நான் மறுக்கவே இல்லை. அதற்கு இழப்பீடும் மன்னிப்பும் தரப்படவேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் பேத்திக்கு நாளைக்கு ஒரு மருத்துவர் வேண்டும். இரண்டும் உண்மை.

பொன்னி

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். யார் வாக்களிக்கலாம்? நூக்கில் வேலைக்கு வந்த டேனிஷ்காரருக்கும் வாக்கு உண்டா? அப்படியென்றால் சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்பில் அவர்களும் வாக்களிப்பார்களா?

தீவுநேயன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தீவுகளின் தன்னாட்சி எனக்குப் பிடித்த விஷயம்.

18 வயது, டேனிஷ் குடியுரிமை, கிரீன்லாந்தில் குறைந்தது ஆறு மாதம் நிரந்தரமாக வசித்திருக்கவேண்டும். அவ்வளவுதான். தீவின் பூர்வகுடியான இனூயிட் வம்சாவளி என்று நிபந்தனை கிடையாது. அதனால் நூக்கில் இருக்கும் டேனிஷ் ஆசிரியரும் மருத்துவரும் வாக்களிக்கலாம். மறுபக்கம், டென்மார்க்கில் குடியேறிவிட்ட கிரீன்லாந்துக்காரர்கள் ஏறத்தாழ 17,000 பேர், அவர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. சட்டப்படி இது சரிதான், ஆனால் மனக்குறை இருக்கிறது.

மற்றத் தீவுகளை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் 30 உறுப்பினர் கொண்ட மன்றம் இருக்கிறது. அதற்கு வாக்களிக்கத் தனியாக ஒரு தீவுக் குடியுரிமை வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்து, ஸ்வீடிஷ் மொழி தெரிந்து, பின்லாந்துக் குடிமகனாகவும் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கலாம். நிலம் வாங்கவும் அதுவே நிபந்தனை. பசிபிக்கில் பிரான்ஸின் கீழ் இருக்கும் நியூ கலிடோனியாவில் 1998 நூமேயா ஒப்பந்தத்தை ஒட்டி மாகாணத் தேர்தல்களுக்கான வாக்காளர் பட்டியலை, பிறகு வந்து குடியேறியவர்கள் சேர முடியாதபடி உறையவைத்தார்கள். அதைத் திறந்துவிட பிரெஞ்சு அரசு முயன்றபோது 2024 மே மாதம் அங்கே கலவரம் வெடித்து உயிர்கள் போயின. வாக்காளர் யார் என்று தீர்மானிப்பதில்தான் தீவுத் தேர்தல்களின் உயிரே இருக்கிறது என்பது என் கருத்து. கிரீன்லாந்து மிகத் தாராளமான கதவை வைத்திருக்கிறது. இதுவரை அதனால் சண்டை வரவில்லை என்பது பாராட்டவேண்டியது.

முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுத் தீவும் ஒரே தொகுதி. 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், ஒரே தொகுதி! விகிதாசாரப் பிரதிநிதித்துவம். வாக்காளர் கட்சிக்கும் போடலாம், கட்சிப் பட்டியலில் உள்ள ஒரு ஆளுக்கும் போடலாம். அதனால் தலைநகரில் இருக்கும் பிரபலம் நிறைய வாக்கு வாங்கிவிடுகிறார். தூரத்து வேட்டைக்காரர் ஊரான கானாக்கில் இருப்பவருக்குத் தனக்கென்று ஒரு உறுப்பினர் இருக்கிறார் என்ற உறுதி இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1953இல் அமெரிக்கத் தளத்துக்காக அந்த வட்டார மக்களைத்தான் பழைய இடத்திலிருந்து கிளப்பி, கானாக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் குரல் மன்றத்தில் தனியாகக் கேட்கவேண்டும்.

பொன்னி

நன்றி தீவுநேயன். வாக்குப்பதிவு எப்படி இருந்தது?

தீவுநேயன்

72 வாக்குச்சாவடிகள், சுமார் 40,500 வாக்காளர்கள், பதிவு 70.9 சதவீதம். நூக்கில் விளையாட்டு அரங்கு ஒன்றுதான் வாக்குச்சாவடி, வரிசை நீண்டதால் நேரத்தை அரை மணி நீட்டினார்கள். எண்ணிக்கை கையால்தான். முடிவு தெரிய அதிகாலை ஆகிவிட்டது. இன்னொன்று, தேர்தல் அறிவித்த பிப்ரவரி 4 அன்றே வெளிநாட்டு நன்கொடையும் பெயர் சொல்லாத நன்கொடையும் கட்சிகளுக்குக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சின்ன ஊரில் சின்னத் தொகைகூடத் தேர்தலைப் புரட்டிவிடும், அதனால் இது மிக முக்கியமான வேலை.

கயல்

நலெராக்கைப் பற்றி ஒரு நியாயம் சொல்லவேண்டும். வெளிநாட்டுச் செய்திகளில் அவர்களை அமெரிக்கா பக்கம் சாய்ந்தவர்கள் என்று சுருக்கிவிடுகிறார்கள். தலைவர் பெலே புரோபெர்க் டிரம்பிடம் தீவைக் கொடுக்கச் சொல்லவில்லை. தனி நாடாகி, பிறகு பாதுகாப்புக்காக ஒரு பெரிய நாட்டோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் பேசும் வழி. மார்ஷல் தீவுகளும் பலாவும் அமெரிக்காவோடு அப்படித்தான் இருக்கின்றன. குக் தீவுகள் நியூசிலாந்தோடு வேறொரு வகையில். அந்த ஒப்பந்தம் டென்மார்க்கோடும் இருக்கலாம்.

சியுமுத்திலிருந்து அவர்களிடம் போன அக்கி-மத்தில்டா ஹோக்-டாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் டேனிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து தன் பேச்சு முழுவதையும் கிரீன்லாந்து மொழியிலேயே பேசியவர். 179 பேர் கொண்ட அந்த மன்றத்தில் கிரீன்லாந்துக்கு 2 இடம்தான். நான்கில் ஒருவர் வாக்களித்த ஒரு கட்சியை டிரம்பின் ஆட்கள் என்று ஒதுக்கினால் அந்த மக்களைப் புரிந்துகொள்ளவே முடியாது.

ஹேர்னிங்வாசி

கயல் சொல்வது சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். குனோ ஃபென்கர் என்ற உறுப்பினர் டிரம்ப் பதவியேற்ற சமயத்தில் வாஷிங்டன் போனார், அது அங்கேயே பெரிய சர்ச்சையானது. பிறகு அவரும் சியுமுத்தை விட்டு நலெராக்கில் சேர்ந்தார். ஆகவே அந்தச் சந்தேகம் வெளியிலிருந்து மட்டும் வந்ததல்ல, உள்ளூரிலேயே இருந்தது.

வடகடல்

விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் டிரம்பின் தாக்கம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

மார்ச் 13 அன்று நேட்டோ தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரம்ப் மறுபடியும் இணைப்பைப் பற்றிப் பேசினார். அடுத்த நாளே, மன்றத்தில் இருக்கும் ஐந்து கட்சித் தலைவர்களும் சேர்ந்து அதைக் கண்டித்துக் கூட்டறிக்கை விட்டார்கள். நலெராக்கும் அதில் உண்டு. மார்ச் 28 அன்று டெமோக்ராத்தித், இனூயிட் அத்தாகத்திகீத், சியுமுத், அத்தாசுத் நான்கும் சேர்ந்து கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 31இல் 23 இடங்கள். அதே நாளில்தான் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் தீவில் இருக்கும் அமெரிக்கத் தளமான பிட்டுஃபிக்கில் வந்து இறங்கினார். நீல்சன் பிரதமரானார், தோற்ற எகெடே நிதியமைச்சரானார், சியுமுத்தின் விவியன் மோட்ஸ்ஃபெல்ட் வெளியுறவு அமைச்சராகத் தொடர்ந்தார். சுரங்கம், வரி, மீன் எல்லாவற்றிலும் மோதிக்கொண்டவர்கள் இவர்கள்.

மக்கள் வாக்களித்தது மீனுக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும். கட்சிகள் கூட்டணி அமைத்தது வெளியிலிருந்து வந்த மிரட்டலை மனதில் வைத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் செய்திகள் தவறாக வந்தன.

பொன்னி

அந்தப் பிரிவை ஏற்கிறேன். நிதானம் என்ற காரணத்தை மட்டும் நான் விடமாட்டேன். மீன்பிடிச் சட்டத்தின் மேல் கோபம் என்றால் எல்லாமே நலெராக்குக்குப் போயிருக்கும். முதலிடம் நீல்சனுக்குக் கிடைத்ததற்கு வேறு காரணம் வேண்டும்.

வடகடல்

இருக்கலாம் பொன்னி, நூக்கில் குறிப்பாக. தலைநகரில் 20,000 பேர் இருக்கிறார்கள், அங்கே மீனவர் கோபத்தைவிடத் தொழில், வரி, வீட்டு வாடகைதான் முன்னால் நிற்கும். 2024 நவம்பரில் பெரிய விமான நிலையம் திறந்ததும் அந்த நகரத்தின் எதிர்பார்ப்பை மாற்றியிருக்கிறது.

கயல்

அப்படியென்றால் சுதந்திர வாக்கெடுப்பு எப்போது? அப்போது சியுமுத் தலைவராக இருந்த எரிக் யென்சன்கூடத் தேர்தலுக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசினாரே.

தீவுநேயன்

கூட்டணி ஒப்பந்தத்தில் தேதி குறிக்கவில்லை. வழி மட்டும் 2009 சட்டத்தின் 21ஆம் பிரிவில் இருக்கிறது. முடிவெடுப்பது கிரீன்லாந்து மக்கள். பிறகு இரு அரசுகளும் பேசி ஒப்பந்தம் போடவேண்டும். அதை இனாட்சிசார்டுட் ஏற்கவேண்டும், தீவில் வாக்கெடுப்பு நடக்கவேண்டும், டேனிஷ் நாடாளுமன்றமும் சம்மதிக்கவேண்டும். 2023இல் ஒரு அரசியலமைப்பு வரைவுகூட மன்றத்தில் வைக்கப்பட்டது. கணக்கன் சொல்லும் 400 கோடிக்கு என்ன செய்வது என்பது அந்த ஒப்பந்தப் பேச்சில்தான் வரும். கூட்டணி அமைந்தபோது நலெராக் 8 இடங்களோடு தனியாக எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. நான்கு ஆண்டும் இந்தப் பிரிவை அவர்கள் எழுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

கணக்கன்

எழுப்பட்டும். ஆனால் புதிய மீன்வளச் சட்டத்தை இந்தக் கூட்டணி திருத்துகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.